11 வருடம் காத்திருந்த சண்டை!

2025ஆம் ஆண்டு பொங்கலுக்கு மறுநாள். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் தம்பியும் ஆளுக்கொரு கேம்பேடைப் பிடித்தபடி மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வயது 39. அவனுக்கு 34. திரையில் ஸ்பைடர்மேன் என்னுடைய ஆளை வலையில் சுற்றித் தூக்கித் தரையில் அடித்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, கழுதை வயசாச்சு, இன்னும் உங்க சண்டை முடியலையா?"

முடியவில்லைதான். இந்தச் சண்டை 2004ல் ஆரம்பித்தது. நடுவில் ஒரு பெரிய காத்திருப்பு, அதைவிடப் பெரிய ஒரு கடல். 'வீடியோ கேம் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வெளிநாட்டில் மகனோ மகளோ உடன்பிறப்போ இருக்கும் எல்லாருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

கூண்டுக்கிளியும் கிராஸ்ஓவரும்

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954ல் வந்த 'கூண்டுக்கிளி'. இரண்டு ரசிகர் கூட்டமும் ஒரே கொட்டகையில்! வீடியோ கேம் உலகில் இப்படி நடந்தால் அதற்குக் 'கிராஸ்ஓவர்' என்று பெயர். வெவ்வேறு கதைகளைச் சேர்ந்த, வெவ்வேறு கம்பெனிகளுக்குச் சொந்தமான நாயகர்கள் ஒரே விளையாட்டில் மோதிக்கொள்வார்கள்.

இதில் பெயர் வாங்கிய வரிசை 'மார்வல் வெர்சஸ் கேப்காம்'. ஒரு பக்கம் அமெரிக்காவின் மார்வல் காமிக்ஸ் நாயகர்கள்: ஸ்பைடர்மேன், வுல்வரின், அயர்ன் மேன், ஹல்க். மறு பக்கம் ஜப்பானின் கேப்காம் கம்பெனி ஆட்கள்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரியூ, சுன்-லி முதலானோர். 1996ல் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்று தொடங்கி, 1998ல் 'மார்வல் வெர்சஸ் கேப்காம்' ஆகி, 2000ல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் மட்டும் 56 பாத்திரங்கள். ஆளுக்கு மூன்று பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும்.

சந்தில் ஒரு மாடிக் கடை

2004ல் நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. தம்பி ஒன்பதாம் வகுப்பு. பாரதி சாலை நடைபாதையில் இருந்த பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸ்களைப் பொறுக்கி எடுப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில், குறுகிய மாடிப்படி ஏறினால், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கேம்ஸ் கடை இருந்தது. இரண்டு டி.வி., இரண்டு பிளே ஸ்டேஷன் 2. ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். எங்களிடம் பெரும்பாலும் பத்து ரூபாய்தான் இருக்கும். அரை மணி நேரம் ஆடுவோம்.

அங்கேதான் இரண்டாம் பாகத்தைப் பார்த்தோம். அவனுக்கு ஸ்பைடர்மேன் கிடைத்தது. எனக்குத் தோல்வி கிடைத்தது. வீடு திரும்பும்போது, கடைசி ஆட்டத்தில் யார் ஏமாற்றினார்கள் என்று பார்த்தசாரதி கோயில் குளம் வரைக்கும் வாக்குவாதம் நடக்கும். "மூணாவது பாகம் வரட்டும், அப்ப பாக்கலாம்" என்பதுதான் நான் வழக்கமாகச் சொல்லும் சால்ஜாப்பு.

மூன்றாவது பாகம் வரவே இல்லை.

ஏன் இத்தனை தாமதம்? 2000க்குப் பிறகு உலகெங்கும் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கடைகளின் கூட்டம் குறைந்தது. சண்டை விளையாட்டுகளுக்கு மவுசு போய்விட்டது. 2008ல் ஆர்கேடுக்கும் 2009ல் வீட்டுக்கும் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' நன்றாக ஓடிய பிறகுதான் அந்தச் சந்தை மறுபடி உயிர் பெற்றது. தவிர, கிராஸ்ஓவர் என்றால் இரண்டு முதலாளிகளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருவழியாக 2010 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2011 பிப்ரவரி 15 அன்று அமெரிக்காவில் 'மார்வல் வெர்சஸ் கேப்காம் 3' வெளியானது. முழுசாகப் பதினோரு வருடம்! ஆனால் பிளே ஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் மட்டுமே. கம்ப்யூட்டருக்கு இல்லை. பிளே ஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007ல் வந்தபோது விலை கிட்டத்தட்ட 40,000 ரூபாய். பிறகு குறைந்தது என்றாலும், வாடகை வீட்டில் ஒரு சம்பளத்தில் ஓடிய எங்கள் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. அதே ஆண்டு நவம்பரில் 12 பாத்திரங்களைக் கூட்டி 'அல்டிமேட்' பதிப்பையும் விட்டார்கள். ஒன்பதே மாதத்தில் இன்னொரு டிஸ்க்கா என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். எங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை!

2012ல் தம்பி வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டான். அந்த அல்டிமேட் பதிப்பு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது 2017 மார்ச்சில்.

எப்படி விளையாடுவது?

அல்டிமேட் பதிப்பில் மொத்தம் 50 பாத்திரங்கள். உங்கள் அணிக்கு மூவர். ஒருவர் களத்தில், மற்ற இருவர் வெளியே.

பட்டன்கள் சுலபம். லேசான அடி, நடுத்தர அடி, பலத்த அடி என்று மூன்று. நான்காவது பட்டன் எதிராளியை மேலே தூக்கி எறியும். பின்னாலேயே நீங்களும் குதித்து, ஆகாயத்திலேயே அடியைத் தொடரலாம். மீதி இரண்டு பட்டன்கள் வெளியே இருக்கும் கூட்டாளிகளுக்கு. ஒரு தட்டுத் தட்டினால் கூட்டாளி ஓடி வந்து ஓர் அடி கொடுத்துவிட்டுப் போவார். அழுத்திப் பிடித்தால் ஆள் மாறிக்கொள்ளலாம்.

அடிபட்டவரின் பலம் காட்டும் பட்டையில் ஒரு பகுதி சிவப்பாக இருக்கும். அவரை வெளியே அனுப்பி ஓய்வு கொடுத்தால் அந்தச் சிவப்புப் பகுதி மெல்ல மெல்லத் திரும்ப நிரம்பும். எனவே கண்மண் தெரியாமல் பட்டன்களைக் குத்துவதைவிட, யாரை எப்போது உள்ளே அனுப்புவது என்ற கணக்குதான் முக்கியம்.

'எக்ஸ்-ஃபேக்டர்' என்று ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை பயன்படுத்தலாம். சிறிது நேரத்துக்கு வேகமும் பலமும் கூடும். அணியில் ஆட்கள் குறையக் குறைய இதன் சக்தி அதிகம். கடைசி ஆள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது இதைப் போட்டு ஆட்டத்தைத் தலைகீழாக்கிவிடலாம். அனுபவசாலிகள் சிலருக்கு இது பிடிக்காது. தோற்றுத் தோற்றே பழகிய எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் அணித் தலைவர் ஹேகர். கதைப்படி அவர் ஒரு நகரத்தின் மேயர்! மீசை வைத்த மல்யுத்த மேயர் இரண்டு கைகளையும் விரித்துப் பம்பரமாகச் சுற்றினால் கிட்டே யாரும் வர முடியாது. ஃபீனிக்ஸ் ரைட் என்ற வக்கீலும் உண்டு. சாட்சியம் தேடி எடுத்துவிட்டுத்தான் சண்டைக்கே வருவார். வெள்ளை ஓநாய் வடிவில் அமதெராசு என்ற சூரிய தேவதையும் இருக்கிறார். கடைசியில் வரும் வில்லன் கேலக்டஸ், கிரகங்களையே விழுங்குகிறவர்.

புதியவர்களுக்கு 'சிம்பிள்' முறை இருக்கிறது. கடினமான அடிகள்கூட ஒரே பட்டனில் வரும். அம்மாவையே ஒருமுறை உட்கார வைத்தோம். கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைப் பார்த்து "இந்தத் தட்டு வச்சிருக்கிற தம்பி நல்லா சண்டை போடறான்" என்றார்.

குறை இல்லையா? உண்டு. தனியாக ஆட விஷயம் குறைவு. கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆர்கேட் ஆட்டம் முடிந்ததும் இரண்டொரு படங்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடு மோதினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். எதிரே இன்னொரு மனிதர் வேண்டும். எங்களுக்குச் சிக்கலே அங்கேதான்.

ஒரு ஃபிரேம் தூரத்தில் சிங்கப்பூர்

2017ல் நான் திருவல்லிக்கேணியிலும் அவன் சிங்கப்பூரிலும் ஆளுக்கொரு காப்பி வாங்கினோம். இன்டர்நெட் வழியாக மோதினோம். பட்டனை அழுத்தினால் ஹேகர் யோசித்துவிட்டுத்தான் கையை ஓங்குவார். திடீரென்று படம் உறைந்து நிற்கும். அதற்குள் நான் செத்திருப்பேன். நாலு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம்.

காரணம் என்ன தெரியுமா? சண்டை விளையாட்டில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லி செகண்ட். சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் நேரடிக் கேபிள்கள் உண்டு. நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு வழிப் பயணத்துக்கே குறைந்தது 15, 16 மில்லி செகண்ட். அதாவது எனக்கும் என் தம்பிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் தூரம்! வழியில் உள்ள ரவுட்டர்கள், வீட்டு வைஃபை எல்லாம் சேர்ந்து இதை இன்னும் கூட்டும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள். பழைய வழி, 'டிலே'. என் பட்டன் செய்தி அவன் கம்ப்யூட்டருக்கும், அவன் செய்தி என் கம்ப்யூட்டருக்கும் வந்து சேரும்வரை இரண்டும் காத்திருக்கும். செய்தி தாமதமானால் ஆட்டமே நிற்கும். மூன்றாம் பாகம் இந்த ரகம்.

புது வழி, 'ரோல்பேக்'. இதில் கம்ப்யூட்டர் காத்திருக்காது, ஊகிக்கும். "போன ஃபிரேமில் எந்தப் பட்டனைப் பிடித்திருந்தானோ, இப்போதும் அதையே பிடித்திருப்பான்" என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்தும். ஒரு நொடியில் 60 ஃபிரேம்கள்; மனிதக் கை அத்தனை தடவை மாறாது என்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகிவிட்டால், சட்டென்று சில ஃபிரேம் பின்னால் போய், திருத்திக் கணக்குப் போட்டு, நிகழ்காலத்துக்கு வந்துவிடும். நம் கண்ணுக்குச் சின்ன வெட்டு மாதிரி தெரியும். டோனி கேனன் என்பவர் உருவாக்கிய 'ஜி.ஜி.பி.ஓ.' என்ற மென்பொருள்தான் இந்த முறையைச் சண்டை விளையாட்டுகளில் பிரபலப்படுத்தியது. 2019ல் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

2024 செப்டம்பரில் கேப்காம் பழைய மார்வல் விளையாட்டுகள் ஏழைச் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டது. எங்கள் மாடிக் கடை ஆட்டமான இரண்டாம் பாகமும் அதில் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது முறைப்படி வந்தது அப்போதுதான். கூடவே ரோல்பேக். வாங்கிய அன்றே தம்பியைக் கூப்பிட்டேன். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இருபது வருடத்துக்கு முந்தைய அதே இசை, அதே ஸ்பைடர்மேன், அதே தோல்வி!

ஹெட்செட்டில் வந்த உண்மை

இனிச் சொல்வது டெக்னாலஜி அல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஊரை விட்டுப் போனவர்களோடு போனில் பேசுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "சாப்டியா? அம்மா எப்படி இருக்காங்க? பணம் வந்துச்சா?" மூன்று கேள்வி, மூன்று பதில். எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்கு மாறலாம் என்று தம்பி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கோயில் பக்கத்தை விட்டு வர மாட்டேன் என்பது அம்மாவின் பிடிவாதம். அந்தப் பேச்சு வந்தாலே எங்களுக்குள் உரசல். அதனால் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

2024 நவம்பரில் ஒரு மழை இரவு. ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஆட்டத்தின் நடுவில், எந்த முன்னுரையும் இல்லாமல், தம்பி கேட்டான்:

"அண்ணா, அம்மா கால் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தாலோ, போனில் கேட்டிருந்தாலோ "நல்லாதான் இருக்கு" என்றிருப்பேன். கை வேலையில் இருந்ததாலோ என்னவோ, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போன மாசம் படியில வழுக்கி விழுந்துட்டாங்கடா. எலும்புக்கு ஒண்ணுமில்ல. உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க. நானும் சொல்லல."

அவன் பக்கம் பட்டன் சத்தம் நின்றது. ஸ்பைடர்மேன் அசையாமல் நின்றார். நான் நினைத்தால் அடித்து ஜெயித்திருக்கலாம். நானும் கேம்பேடைக் கீழே வைத்துவிட்டேன். திரையில் நேரம் ஓடி முடிந்தது.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். அவன் கத்தினான். நானும் கத்தினேன். "பணம் அனுப்பறது சுலபம், கூட இருந்து பாரு" என்றேன். "சொன்னாத்தானே பார்க்க முடியும்?" என்றான். இரண்டுமே நியாயம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: ஏரியாவை மாற்ற வேண்டாம், மாடியை மட்டும் மாற்றுவோம். இதே தெருவில் தரைத் தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை கூடுதல், கூடுதலான தொகை தம்பியுடையது. தை பிறப்பதற்கு முன்பே பால் காய்ச்சிக் குடிபோனோம்.

அந்தத் தரைத் தள வீட்டின் கூடத்தில்தான் பொங்கலுக்கு மறுநாள் மூன்றாம் பாகத்தைப் போட்டோம். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கேம்பேட். டிலே இல்லை, ரோல்பேக் இல்லை, நடுவில் கடல் இல்லை. 2011ல் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய விளையாட்டு, பதினாலு வருடம் கழித்து, அதற்கு உரிய முறையில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பத்து ஆட்டத்தில் எட்டு அவன் ஜெயித்தான். மேயர் இரண்டு ஜெயித்தார்.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை

இரண்டு முதலாளிகள் சேர்ந்த விளையாட்டு என்றேனே, அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மார்வலின் உரிம காலம் முடிந்ததால் 2013 டிசம்பரில் இரண்டாம் பாகமும் அல்டிமேட்டும் டவுன்லோட் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. மூன்று, நான்கு வருடம் அல்டிமேட்டைப் புதிதாக டவுன்லோடில் வாங்கவே முடியாத நிலை. இரண்டாம் பாகத்துக்கு அதைவிட நீண்ட வனவாசம். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குத்தான் நிம்மதி. 2017 செப்டம்பரில் வந்த அடுத்த விளையாட்டான 'இன்ஃபினிட்'டில் வுல்வரின் உட்பட எக்ஸ்-மென் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

டவுன்லோடில் நாம் வாங்குவது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே என்பதை மனதில் வையுங்கள்.

வீட்டில் விளையாட சில டிப்ஸ்

1. கீ போர்டில் இருவர் ஆட வேண்டாம். சாதாரணக் கீ போர்டுகள் ஒரே சமயத்தில் பல கீகளை அழுத்தினால் சிலவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடும். ரிச்சி தெருவில் யு.எஸ்.பி. கேம்பேட் வாங்கிவிடுங்கள். கடையிலேயே செருகி எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்து வாங்கவும்.

2. இன்டர்நெட்டில் ஆடும்போது வைஃபையைத் தவிர்த்து, ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போடுங்கள். வேகத்தைவிடச் சீரான இணைப்புதான் முக்கியம். வீட்டில் வேறு யாரும் பெரிய ஃபைல் டவுன்லோட் செய்யாத நேரமாகப் பாருங்கள்.

3. டி.வி.யில் இணைத்தால் 'கேம் மோட்' இருக்கிறதா பார்த்து அதை ஆன் செய்யவும். இல்லையென்றால் டி.வி.யே சில ஃபிரேம் தாமதம் செய்யும்.

4. வெளியூரில் இருப்பவரோடு ஆட, 'ரோல்பேக்' உள்ள விளையாட்டா என்று விசாரித்து வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆட எதுவானாலும் சரி.

5. மூன்றாம் பாகத்துக்கு அமெரிக்கத் தரச்சான்று 'டீன்', அதாவது 13 வயதுக்கு மேல். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

6. இலவசமாகக் கிடைக்கிறதே என்று 'கிராக்' ஃபைல்களைத் தேடிப் போகாதீர்கள். விளையாட்டோடு வைரஸும் வரும்.

7. தம்பியோ தங்கையோ தூர தேசத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சண்டை விளையாட்டுதான் என்றில்லை, கேரம் போர்டும் செஸ்ஸும்கூட இன்டர்நெட்டில் உண்டு. கை ஏதாவது ஒரு வேலையில் இருக்கட்டும். பேச்சு தானாக வரும்.

தம்பி தை மாதக் கடைசியில் கிளம்பிப் போனான். விமான நிலையத்தில் கடைசியாகச் சொன்னது: "சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. மேயரை ரெடியா வை."

வைத்திருக்கிறேன்.